எடையில்லாத ராஜா

‘இம்சை அரசன் 23ம் புலிகேசி’யில் ராஜாவைப் படம் வரைகிற காட்சியை முழுசாகப் பார்த்தவர்களைவிட மீமாகப் பார்த்தவர்கள்தான் இன்று அதிகம் இருப்பார்கள். வரையப்படும் ஓவியத்தில் முகம் புலிகேசியுடையது. உடம்போ கட்டுமஸ்தான வேறொரு ஆளுடையது. எதற்கு இந்தப் பித்தலாட்டம் என்றால், வரலாற்றின் முக்கியத்துவத்தை அமைச்சருக்கு விளக்குகிறார் ராஜா. அந்த ஒரு வரி பதினெட்டு வருடத்துக்கும் மேலாகக் குடும்ப வாட்ஸப் குரூப்பில் இருந்து சட்டசபைச் செய்திக்குக் கீழே உள்ள கமெண்ட் வரை ஓடிக்கொண்டிருக்கிறது. சிரித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறோம். ஆனால் கார்ட்டூன் பாத்திரத்தை மனிதரை வைத்துப் படமெடுப்பது பற்றித் தமிழில் உருப்படியாக எதுவும் சொல்லப்பட்டிருக்கிறதா என்று கேட்டால் நான் இந்தக் காட்சியைத்தான் போட்டுக் காட்டுவேன். வரைந்த கோடும் நிஜச் சதையும் தானாக ஒட்டாது, ஒட்டவைக்க ஒரு பொய் வேண்டும். எந்தப் பொய் என்பதுதான் கேள்வி.

சிம்புதேவன் ஆனந்த விகடனில் கார்ட்டூனிஸ்டாக இருந்தவர். புலிகேசி அவர் முதலில் கோடாக யோசித்த ராஜா. 2006 ஜூலையில் ஷங்கரின் எஸ் பிக்சர்ஸ் தயாரிப்பில் வடிவேலுவாக நடந்து வந்தார். ‘கார்ட்டூனுக்கு உயிர் கொடுத்திருக்கிறோம்’ என்று யாரும் அதை விற்கவில்லை. காமெடியன் ஹீரோவான படம், சரித்திரப் பகடி, அரசியல் நையாண்டி என்று பேசினார்கள். எல்லாம் சரிதான். ஆனால் அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று அங்கே நடந்தது. பல நூறு கோடியில் ஹாலிவுட் இன்னும் தடவிக்கொண்டிருக்கும் ஒரு சிக்கலை, ஒரு அரண்மனை செட்டும் ஒரு மீசையும் வைத்துப் பாதிப் படத்துக்காவது தீர்த்துவிட்டார்கள்.

பாதிப் படத்துக்கு என்று ஏன் சொல்கிறேன் என்பதற்குப் பிறகு வருகிறேன். முதலில் சிக்கல் என்ன என்று பார்ப்போம்.

கார்ட்டூன் பாத்திரம் என்றால் ஒரு முகம் என்று நினைத்துக்கொண்டுதான் இந்த வியாபாரம் மொத்தமும் நடக்கிறது. வீடியோ கேமில் பிறந்து கார்ட்டூனில் வளர்ந்த சோனிக்கை வைத்து எடுத்த படத்தின் ட்ரெய்லர் 2019ல் வந்தபோது, அந்த நீல முள்ளெலிக்கு மனுசப் பல் வைத்திருந்தார்கள். இணையமே காறித் துப்பியது. ரிலீஸைத் தள்ளிப்போட்டு, முகத்தைத் திருத்தி 2020ல் விட்டார்கள். படம் ஓடியது. ‘ரசிகர்கள் கேட்டது முகம், முகத்தைக் கொடுத்தோம்’ என்று அதற்குப் பிறகு எல்லாருக்கும் ஒரு பாடம் கிடைத்துவிட்டது. அரைகுறைப் பாடம்.

டாமை எடுத்துக்கொள்ளுங்கள். இஸ்திரிப்பெட்டி தலையில் விழுந்தால் அப்பளமாகிவிடும், அடுத்த நொடி எழுந்து ஓடும். வலி உண்டு, காயம் கிடையாது. நேற்று வெடித்த வெடி இன்றைக்கு ஞாபகத்தில் இருக்காது. வயசாகாது. இதுதான் டாம். சாம்பல் நிறமும் மீசையும் இந்த விதிகள் போட்டுக்கொண்ட சட்டை மட்டுமே. கார்ட்டூன் பாத்திரம் ஒவ்வொன்றும் தன் உலகத்தோடு இப்படி ஒரு ஒப்பந்தம் வைத்திருக்கிறது. அந்த ஒப்பந்தத்தில் மிக முக்கியமான ஷரத்து, எடை இல்லாமல் இருப்பது. நான் சொல்வது கிலோக்கணக்கை அல்ல. விழுந்தால் என்ன ஆகும், இடித்தால் யார் காசு கொடுப்பது என்ற விளைவுகளின் எடை. மனித உடம்பு திரைக்கு வந்த கணமே இந்த எடையும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. 2021ல் வந்த ‘டாம் அண்ட் ஜெர்ரி’யில் விலங்குகளை எல்லாம் கார்ட்டூனாகவே விட்டுவிட்டு மனிதர்களையும் நியூயார்க்கையும் மட்டும் நிஜமாக வைத்தார்கள். புத்திசாலித்தனம்தான். ஆனால் அங்கே ஒரு ஓட்டல் இருக்கிறது, பொய் சொல்லி அதில் வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண் இருக்கிறாள். ஒரு சுவர் இடிந்தால் அவளுக்கு வேலை போய்விடுமே என்று நமக்குக் கவலை வந்துவிடுகிறது. (யானைகளோடு ஒரு இந்தியக் கல்யாணமும் அதில் உண்டு. நம்மாட்களை அவர்கள் எப்போதுமே கார்ட்டூனாகத்தான் வைத்திருக்கிறார்கள் என்பது தனிக் கட்டுரை.)

‘லயன் கிங்’கின் 2019 வடிவத்தில் நேர் எதிர்ப்பிழை. சிங்கத்தின் மயிர் ஒவ்வொன்றும் நிஜம். நிஜச் சிங்கத்துக்கு முகபாவம் கிடையாது என்பதும் நிஜமாகிவிட்டது. தமிழில் அதைப் பார்த்தவர்களுக்கு ஒரு விநோத அனுபவம் வாய்த்தது. பும்பாவுக்கு ரோபோ சங்கர் குரல், டிமோனுக்கு சிங்கம்புலி. இரண்டு பேரும் வெளுத்துக்கட்டினார்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் கார்ட்டூன், காதைப் பொத்திக்கொண்டு பார்த்தால் டிஸ்கவரி சேனல். விலங்கின் உடம்பிலிருந்து உருவிவிட்ட விளையாட்டை டப்பிங் கூடத்தில் இரண்டு தமிழ்த் தொண்டைகள் திரும்ப வைக்கப் பார்த்தன. அந்த ஒரு விஷயத்தில் நம்முடைய பதிப்பு அசலைவிட மேல் என்றே சொல்வேன்.

டோரா விஷயத்தில் தமிழ்நாடு அசலை விட்டு இன்னும் தூரம் போயிருந்தது. சுட்டி டிவி 2007ல் தொடங்கியது. அமெரிக்க டோரா ஆங்கிலம் பேசி நடுநடுவே ஸ்பானிஷ் சொல்லிக்கொடுப்பவள். நம்முடைய ‘டோராவின் பயணங்கள்’ டோரா தமிழ் பேசி ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தாள். பூட்ஸ், புஜ்ஜி ஆனது. ஸ்வைப்பர் வெறும் குள்ளநரி. வெள்ளகோவில் மாதிரி, பகலெல்லாம் தறிச்சத்தமும் பிள்ளையை எப்படியாவது இங்கிலீஷ் மீடியத்தில் சேர்க்கும் தவிப்பும் சேர்ந்து ஓடுகிற ஊரில், டோரா காசு வாங்காத டியூஷன் டீச்சர். திரையிலிருந்து நேராக நம்மைப் பார்த்துக் கேள்வி கேட்பாள். கேட்டுவிட்டு இமை கொட்டிக்கொண்டு காத்திருப்பாள். அந்தச் சில நொடி மௌனம்தான் அவளுடைய ஒப்பந்தம். வீட்டுக்கு வீடு ஒரு குழந்தை அந்த மௌனத்துக்குள் கத்திப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

2019ல் ஜேம்ஸ் பாபின் இயக்கத்தில் ‘டோரா அண்ட் த லாஸ்ட் சிட்டி ஆஃப் கோல்ட்’ வந்தது. 2020 ஊரடங்கில் தறிகள் எல்லாம் நின்றுபோய் ஊருக்கே காது அடைத்த மாதிரி இருந்த நாட்களில், ஆறு வயது அக்கா மகளோடு லேப்டாப்பில் பார்த்தேன். தொடக்கத்தில் குட்டி டோரா சாப்பாட்டு மேசையிலிருந்து கேமராவைப் பார்த்துத் திரும்பி ஒரு வார்த்தையைச் சொல்லச் சொல்வாள். இவள், என்னவென்று புரியாமலே, சத்தமாகச் சொன்னாள். படத்திலோ பெற்றோர் கவலையாகப் பார்த்துக்கொள்கிறார்கள், வளர்ந்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். கேமராவைப் பார்த்துப் பேசும் பெண் நிஜ வீட்டில் இருந்தால் அது ஒரு கோளாறு, அதுதான் நகைச்சுவை. எனக்குச் சிரிப்பு வந்தது, நல்ல ஜோக். பிறகு டோரா வளர்ந்து ஹைஸ்கூலுக்குப் போகிறாள். பாதிப் படத்தில் பக்கத்தில் இருந்து குரல் வந்தது: “மாமா, இது டோரா இல்லீங். டோராவோட அக்கா.”

“எப்பிடி கண்ணு சொல்ற?”

“நம்மளக் கேக்கவே மாட்டேங்குதுங்.”

இவ்வளவு சுருக்கமாக நான் எங்கும் விமர்சனம் படித்ததில்லை. இசபெலா மொனேர் அந்தப் படத்தில் நன்றாகவே நடித்திருக்கிறார். அசட்டுத்தனத்தையும் அறிவையும் ஒரே முகத்தில் வைத்திருக்கத் தெரிந்த நடிகை. தலைமுடி சரி, பை சரி, இளஞ்சிவப்புச் சட்டை சரி. இல்லாமல் போனது கேள்விக்குப் பிறகு வரும் அந்த மௌனம்தான். படம் அதைத் தெரியாமல் தொலைக்கவில்லை. அதன் மதிப்பு தெரிந்தேதான் ஒரு ஜோக்காக விற்றுவிட்டது. வளர்ந்த ரசிகனைப் பார்த்துக் கண்ணடிப்பதற்காக, ஆறு வயது ரசிகையின் பதிலை வேண்டாம் என்றுவிட்டது. ‘குடும்பத்தோடு பார்க்கலாம்’ என்ற போஸ்டர் வாசகத்துக்குள் பெரும்பாலும் ஒளிந்திருப்பது இந்தப் பேரம்தான். டிக்கெட் எடுப்பவர் அப்பா. பாப்கார்ன் மட்டும் குழந்தைக்கு.

இப்போது புலிகேசிக்குத் திரும்பலாம். பாதிப் படம் என்றேனே, அது எந்தப் பாதி என்று சொன்னால் விஷயம் விளங்கிவிடும். படத்தில் வடிவேலுவுக்கு இரண்டு வேடம். ஒருவர் புலிகேசி, இன்னொருவர் இரட்டையில் பிரிந்துபோன உக்கிரபுத்தன். பி.யு.சின்னப்பாவும் பிறகு சிவாஜியும் செய்த ‘உத்தமபுத்திரன்’ வகைக் கதை. அதே நடிகர், அதே முகம், அதே உயரம். ஆனால் புலிகேசி கார்ட்டூன், உக்கிரபுத்தன் கார்ட்டூன் இல்லை. முகம்தான் கார்ட்டூன் என்று சொல்கிறவர்களுக்கு இதற்கு மேல் ஒரு மறுப்பைச் சோதனைச்சாலையில்கூட உண்டாக்க முடியாது. உக்கிரபுத்தன் ஜனங்களுக்காக வருத்தப்படுகிறான், வெள்ளைக்காரனை எதிர்க்கிறான், காதலிக்கிறான். எல்லாவற்றுக்கும் விளைவு உண்டு, எடை உண்டு. அவன் வரும் இடங்களில் படம் சட்டென்று ஒரு சாதாரண நல்ல படமாகிவிடுகிறது. நல்ல ராஜா வந்ததும் நாட்டுக்கு விடிவு, நமக்குக் கொட்டாவி.

புலிகேசியின் பாதியில் என்ன நடக்கிறது? முதலில் நாக்கு. வடிவேலுவின் பரம்பரைச் சொத்தே மதுரை நாக்குதான். ‘வின்னர்’ கைப்புள்ளயை நினைத்துப் பாருங்கள். அடி வாங்குவார், வலிக்கும், வலிக்காத மாதிரி நடப்பார், அந்த மறைப்பில்தான் சிரிப்பு. அதாவது கைப்புள்ளைக்கு எடை உண்டு, அவர் மண்ணில் விழுகிற மனுசன். புலிகேசிக்காக அந்த நாக்கை வடிவேலு கழற்றி வைத்துவிட்டார். பதிலுக்கு எடுத்துக்கொண்டது பழைய ராஜா ராணிப் படங்களின் அரண்மனைத் தமிழ். தெருவில் யாரும் பேசாத, பேச்சுக்குமிழிக்குள் எழுதினால் மட்டுமே பொருந்துகிற தமிழ். அதைக் கொஞ்சம் இழுத்து, கடைசியில் ஒரு நெளிவு. உடம்பும் அதே கணக்குத்தான். சிம்மாசனத்தில் உட்காருவதில்லை, ஒட்டவைத்த மாதிரி இருக்கிறார். நடக்கும்போது மீசை முன்னால் போகிறது, ராஜா பின்னால் வருகிறார்.

இரண்டாவது, காட்சிகளின் அமைப்பு. சாதிச்சண்டை போட ஒரு மைதானம் கட்டித் திறந்துவைக்கிறார் ராஜா. வெளிநாட்டுக் குளிர்பானத்துக்கு அனுமதி கொடுக்கிறார், அக்காமாலா, கப்சி என்று பெயர்கூட வைத்தாகிவிட்டது. ஒவ்வொன்றும் பத்திரிகையின் ஒரு பக்கத்தில் முடிகிற கார்ட்டூன். நேராக வைத்த கேமரா, நடுவில் ராஜா, பக்கத்தில் இளவரசுவின் மங்குனி அமைச்சர், கட்டம் முடிந்தது. ஒரு கட்டத்தின் விளைவு அடுத்த கட்டத்துக்குப் போவதில்லை. சாதிச்சண்டை மைதானத்தில் நிஜத்தில் ரத்தம் ஓடும். அதுவும் எங்கள் பக்கத்தில் அதைப் பற்றி எழுதும்போது பேனா ஒருமுறை தயங்கும். அதை எடையில்லாத ஒரு ராஜா ரிப்பன் வெட்டித் திறக்கும்போதுதான் நமக்குச் சிரிக்க முடிகிறது. சிரித்து முடித்தபின் ஏன் சிரித்தோம் என்று உறைக்கிறது. அந்த எடையைப் பாத்திரம் சுமப்பதில்லை, பார்க்கிறவன் தலையில் இறக்கிவிட்டுப் போகிறது. நல்ல அரசியல் கார்ட்டூன் செய்யும் வேலை இதுதான்.

இதை வடிவேலுவின் மேதமை என்று மட்டும் எழுதி முடித்துவிட முடியாது. 2014ல் அவர் ‘தெனாலிராம’னாக வந்தார். அதிலும் இரட்டை வேடம், அதிலும் அரண்மனை. தெனாலிராமன் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் படக்கதையாகவே அறிமுகமானவன். ஆனாலும் கோடு பிடிக்கவில்லை. நடிகர் இருந்தார், கட்டம் போடும் கை இல்லை. ராபர்ட் ஆல்ட்மன் 1980ல் ‘பாப்பாய்’ எடுத்தபோது ராபின் வில்லியம்ஸுக்கு முழங்கைக்குக் கீழே செயற்கைச் சதை வைத்துப் பெரிதாக்கினார்கள். ஆலிவ் ஆயிலாக நடித்த ஷெல்லி டுவாலுக்கு எதுவும் வைக்கத் தேவைப்படவில்லை. அந்தக் கழுத்தும் அந்தக் கால்களும் அவரை வைத்தே வரைந்த மாதிரி இருந்தன. ஒட்டுக்கை மறந்துபோகிறது, டுவாலின் நடை ஞாபகம் இருக்கிறது. புலிகேசியில் ஒரு டுவாலும் அவரைக் கட்டத்துக்குள் உட்காரவைக்கத் தெரிந்த கார்ட்டூனிஸ்டும் ஒரே செட்டில் சந்தித்துக்கொண்டார்கள். அந்த அதிர்ஷ்டத்தின் பெயர்தான் முதல் பாதி.

கார்ட்டூனிஸ்ட் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சிம்புதேவனிடமே உதாரணம் இருக்கிறது. ‘இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்’, 2010. சிவகாசியிலிருந்து வந்த லயன், முத்து காமிக்ஸைப் படித்து வளர்ந்தவர்களுக்கு அந்த அறிவிப்பே திருவிழாதான். டெக்ஸ் வில்லரும் லக்கி லூக்கும் வெள்ளகோவில் வரை கறுப்பு வெள்ளையில் வந்து சேர்ந்தவர்கள். அரிசோனா என்றால் எங்களுக்கு மூலனூர்ப் பக்கத்து மேட்டாங்காடுதான், வெயிலும் புழுதியும் கள்ளிச்செடியும் அச்சு அசல். குதிரைக்குப் பதிலாக மயிலைக்காளை, அவ்வளவுதான் வித்தியாசம்.

படம் அந்தக் காகித உலகத்தின் பொருட்களை எல்லாம் பத்திரமாகக் கொண்டுவந்தது. தொப்பி, துப்பாக்கி, புதையல் தேடல் எல்லாம் உண்டு. வில்லன் நாசரின் பெயர் கிழக்குக்கட்டை. ஈஸ்ட்வுட்டைத் தமிழாக்கியிருக்கிறார்கள், ஒரு காமிக்ஸ் வாசகனுக்கு மட்டுமே தோன்றும் குறும்பு. கதையில்கூட ஆள்மாறாட்டம்தான், காணாமல்போன வீரனைப் போலவே இருக்கும் ஒருவனைக் கூட்டிவந்து நடிக்கவைக்கிறார்கள். ஆனால் படம் கனக்கிறது. ராகவா லாரன்ஸ் அற்புதமான நடனக்காரர். நடனக்காரரின் உடம்பு தரையை உதைத்து எழும்பும், தரை இருக்கிறது என்பதை ஒவ்வொரு அடியிலும் சொல்லும். லக்கி லூக்கோ தன் நிழலைவிட வேகமாகச் சுடுகிற ஆள், தரையோடு அவருக்குப் பேச்சுவார்த்தையே கிடையாது.

இன்னொரு காரணம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. காகிதத்தில் டெக்சாஸ் ஷெரீப் தமிழ் பேசினால் யாரும் சிரிப்பதில்லை. அது அந்த உலகத்தின் சட்டம். படம் அந்தச் சட்டத்தையே ஜோக்காக்கியது. கௌபாய் தமிழ் பேசுகிறான் பாருங்கள், சிரியுங்கள் என்று. டோராவுக்கு நடந்ததேதான். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் படம் வணக்கம் வைத்த முன்னோர்கள் இந்தப் பிழையைச் செய்யவில்லை. எம்.கர்ணனின் ‘கங்கா’வில் ஜெய்சங்கர் தொப்பி போட்டுக் குதிரையேறி வந்தபோது யாரையும் பார்த்துக் கண்ணடிக்கவில்லை. தமிழ்நாட்டில் கௌபாய் எப்படி என்று கேட்டால், ‘இருக்கான், அதுக்கென்ன இப்போ?’ என்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு வந்தார். ‘கங்கா’ 1972. முத்து காமிக்ஸ் தொடங்கியதும் அதே 1972. இரண்டுக்கும் அந்த வருடத்துத் தமிழனிடம் ஒரே மாதிரி நம்பிக்கை இருந்தது. (டெக்ஸின் சொந்த ஊரான இத்தாலியிலும் 1985ல் ஜூலியானோ ஜெம்மாவை வைத்து ஒரு படம் எடுத்துப் பார்த்தார்கள். அழகான மனிதர், அழகான தொப்பி. டெக்ஸ் மட்டும் வரவில்லை.)

புலிகேசியின் இரண்டாம் பாகம் எடுக்கத் தொடங்கி, தயாரிப்புத் தகராறில் நின்றுபோன கதை எல்லாருக்கும் தெரியும். 2021ல் சமரசம் ஆயிற்று, படம் வரவில்லை. வராததில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. முதல் படத்திலேயே புலிகேசி கடைசியில் மனம் மாறிவிடுகிறார். குடும்பப் படம் என்றால் யாராவது திருந்தியாக வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம். கார்ட்டூன் ராஜா திருந்தமாட்டான், அடுத்த வாரம் அதே மீசையோடு அதே அநியாயத்தைச் செய்ய வருவான். திருந்திய புலிகேசியை வைத்து யாரும் 24ஆம் பாகம் எடுக்க முடியாது.

அடுத்து வரக்கூடியது வேறொன்று. கிணத்துக்கடவுக்காரரான லோகேஷ் கனகராஜ் தன் கனவுப்படம் என்று பல பேட்டிகளில் சொல்லிவரும் ‘இரும்புக்கை மாயாவி’. 1972ல் முத்து காமிக்ஸின் முதல் புத்தகமே மாயாவிதான். அதற்குப் பத்து வருடம் முன்னால் பிரிட்டனின் ‘வேலியண்ட்’ வாரப் பத்திரிகையில் ‘ஸ்டீல் க்ளா’ என்ற பெயரில் தொடங்கிய பாத்திரம். இங்கே வந்தபின் அவனுக்கு இந்தப் பெயரைத் தவிர வேறு பெயர் தேவைப்படவில்லை. எந்த நாயகன், எந்த மொழி, எப்போது என்பதைப் பற்றி வருடத்துக்கு ஒரு செய்தி வருகிறது. அந்தச் செய்திகளில் நாயகனின் பெயரைத்தான் எல்லாரும் பெரிதாகப் பேசுகிறார்கள். மாயாவியின் ஒப்பந்தத்தை யாரும் பேசக் காணோம்.

மாயாவிக்கு மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும், இரும்புக்கை மட்டும் தெரியும். ஜீசஸ் பிளாஸ்கோ வரைந்த கட்டங்களில் ஒரு இருட்டு அறை இருக்கும். அதில் இழுப்பறையைத் திறக்கும் ஒரு கை, மணிக்கட்டோடு முடிந்துவிடும். முதல் கதையில் அவன் யோக்கியனும் இல்லை, மறைகிற சக்தி கிடைத்ததும் திருடப் போகிறவன். எங்கள் வீடுகளில் மின்கம்பியைத் தொட்டுப் பார்க்கலாமா என்று யோசித்த பையன்கள் எத்தனை பேர் என்று அவர்களே சொன்னால்தான் உண்டு. இடைவேளைக்கு முன் நாயகனின் முகத்தை நாலு கோணத்தில் காட்டுவதற்குத்தான் தமிழ் சினிமா கோடிகளைக் கொட்டுகிறது. மாயாவி சண்டைக்குக் கிளம்பினால் அந்த முகமே இருக்காது. கதை சூடுபிடிக்கும் ஒவ்வொரு இடத்திலும் நட்சத்திரம் திரையிலிருந்து காணாமல் போக வேண்டும். அதற்குச் சம்மதிக்கும் நாயகன் யார், சம்மதிக்கவைக்கும் தயாரிப்பாளர் யார்? சம்மதித்துவிட்டால், முதல் நாள் முதல் காட்சியில், திருப்பூர் தியேட்டரில், அந்தரத்தில் தனியாக நகர்ந்து வரும் ஒரு கையைப் பார்த்து விசில் அடிக்க நான் தயார். பேப்பர் கிழித்துப் போடுவதற்கு அக்கா மகளையும் கூட்டிப்போவேன்.